செய்லர் வீனஸ் கறுப்பாக இருக்கக் கூடாதா?

மாலுமிக் காலர் வைத்த வெள்ளைச் சட்டை, ஆரஞ்சு நிறக் குட்டைப் பாவாடை, நெஞ்சில் பெரிய நீல ரிப்பன், தலையில் சிவப்பு ரிப்பன், முதுகில் நீளமாகத் தொங்கும் மஞ்சள் முடி. 'செய்லர் மூன்' என்ற ஜப்பானியக் கார்ட்டூன் தொடரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது செய்லர் வீனஸ் என்று உடனே தெரிந்துவிடும். சாக்கா கம்பர்பேட்ச் என்ற அமெரிக்க இளம்பெண் இந்த வேடத்தைப் போட்டபோது, அவருடைய படம் இணையத்தில் பரவியது. பாராட்டும் வந்தது. ஆனால் அதைவிடச் சத்தமாக வந்தது வேறொன்று. இந்த நிறத்துக்கு அந்த வேடம் பொருந்தவில்லை, கறுப்புத் தோலில் மஞ்சள் விக் எடுபடவில்லை என்றார்கள். பாத்திரத்தின் பெயருக்கு முன்னால் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் வசைச்சொல்லைச் சேர்த்து அவருக்குப் பட்டப்பெயரே வைத்தார்கள். 2013-ல் அவர் தன் அனுபவத்தைக் கட்டுரையாக எழுதினார். கறுப்பின இளம்பெண்கள் பலர் அதுவரை தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்த விஷயம் அப்போதுதான் வெளியே பரவலாகப் பேசப்பட்டது.

காஸ்ப்ளே என்றால் என்ன என்று நம்மவர்களுக்குச் சொல்வது எளிது. பள்ளி ஆண்டு விழாவில் நாம் பார்த்த மாறுவேடப் போட்டியைப் பெரியவர்கள் கையில் எடுத்துக்கொண்டு, மாதக்கணக்கில் உழைத்து, செலவு செய்து, தொழில் நேர்த்தியோடு நடத்தினால் அதுதான் காஸ்ப்ளே. 1939-ல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் அக்கர்மன் என்ற ரசிகர் எதிர்கால மனிதனைப் போல உடுத்திக்கொண்டு வந்தார். அந்த உடையைத் தைத்தவர் மர்ட்டில் டக்ளஸ் என்ற பெண். தனக்கும் ஒன்று தைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். இந்தக் கலை பெண்களின் தையல் மேசையிலிருந்து தொடங்கியது என்று சொன்னால் மிகையில்லை. 1980களில் ஜப்பானிய ரசிகர்கள் கையில் அது வேறு உருவம் எடுத்தது. அனிமே என்ற ஜப்பானிய அசைவோவியப் படங்கள், மாங்கா என்ற ஜப்பானியப் படக்கதைகள், வீடியோ கேம் என்று உலகம் முழுவதும் போய், இன்று பெரிய நகரங்களில் எல்லாம் ஆயிரக்கணக்கானோர் கூடும் கன்வென்ஷன்கள் என்ற ரசிகர் மாநாடுகள் நடக்கின்றன.

சரி, பொருத்தம் என்ற வாதத்துக்கு வருவோம். செய்லர் வீனஸின் அன்றாடப் பெயர் ஐனோ மினாகோ. டோக்கியோவில் பள்ளிக்கூடம் போகும் ஜப்பானியச் சிறுமி. அவளுக்கு மஞ்சள் முடி எப்படி வந்தது என்று கதையில் யாரும் கேட்பதில்லை. அவளுடைய தோழிகளில் ஒருத்திக்கு நீல முடி. எல்லோருக்கும் முகத்தில் பாதியை அடைத்துக்கொள்ளும் கண்கள். டெக்சஸைச் சேர்ந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் இந்த வேடத்தைப் போட்டால், அவள் ஜப்பானியர் இல்லை என்று யாரும் குறை சொன்னதில்லை. அவளுடைய உயரம், வயது, மூக்கு எதுவும் கணக்கில் வருவதில்லை. அச்சு அசலாக இருக்க வேண்டும் என்ற விதி கறுப்பினப் பெண் வரும்போது மட்டும் அலமாரியிலிருந்து வெளியே எடுக்கப்படுகிறது. அப்படிப்பட்ட விதி ரசனையைப் பற்றியதாக இருக்க முடியாது என்பதுதான் என் கருத்து.

'உங்களுக்கென்று பாத்திரங்கள் இருக்கின்றனவே, அவற்றைப் போடலாமே' என்று நல்ல மனதோடு சொல்பவர்களும் உண்டு. செய்லர் மூன் கதையில் செய்லர் புளூட்டோவின் தோல் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கருமையாக வரையப்பட்டிருப்பதால், கறுப்பின ரசிகைகளுக்கு அவளைத்தான் கைகாட்டுவார்கள். அப்படி ஒதுக்கித் தரப்படும் பட்டியல் எவ்வளவு நீளம் என்று பாருங்கள். 1966-ல் 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் நிஷெல் நிக்கல்ஸ் நடித்த உஹுரா. 1975-ல் எக்ஸ்-மென் காமிக்ஸில் வந்த ஸ்டார்ம். டிஸ்னியின் முதல் கறுப்பின இளவரசி டியானாவுக்கு 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2013-ல் வந்த 'ஸ்டீவன் யூனிவர்ஸ்' கார்ட்டூனின் கார்னெட், ஆஃப்ரோ என்று சொல்லப்படும், தலையைச் சுற்றிப் பரந்து நிற்கும் சுருள்முடியைப் பெரிய சதுரமாக வைத்துக்கொண்டு, இந்த ரசிகைகளின் செல்லப் பாத்திரமானாள். இன்னும் சிலரைச் சேர்க்கலாம். ஆனாலும் பத்து வயதில் ஒரு பெண் குழந்தை தொலைக்காட்சி முன் உட்கார்ந்து யாரைப் பார்த்து 'நான் இவள்தான்' என்று நினைத்தாளோ, அவளாக மாறத்தான் ஆசைப்படுவாள். தோல் நிறத்தைப் பார்த்து யாரும் கதாநாயகியைத் தேர்ந்தெடுப்பதில்லை.

இதுவரை சொன்னது பேச்சால் வரும் தடை. பொருள்களால் வரும் தடையைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் ஒரு கலைஞர் பெரும்பாலான நேரத்தைச் செலவிடுவது பொருள்களோடுதான்.

விக்கை எடுத்துக்கொள்வோம். விக்குக்குக் கீழே தலையில் இறுக்கமாக மாட்டும் வலைத்தொப்பி பெரும்பாலும் வெளிர் சந்தன நிறத்தில் வரும். நெற்றியோரம் முடி முளைத்ததுபோல் காட்டும் லேஸ் துணியும் அதே வெளிர் நிறம்தான். கறுத்த நெற்றியில் அதை ஒட்டினால் சாம்பல் பூசினாற்போல் தனியாகத் தெரியும். அதனால் லேஸைத் தேநீரில் ஊறவைத்தோ, அடியில் தன் நிறத்து ஃபவுண்டேஷனைத் தடவியோ சரிசெய்துகொள்கிறார்கள். அதற்கும் முன்னால் சொந்த முடியை அடக்க வேண்டும். அடர்த்தியான சுருள்முடியை மண்டையோடு ஒட்டினாற்போல் வரிவரியாகப் பின்னினால்தான் விக் தட்டையாக உட்காரும். ஒரு வேடத்துக்கு முன் அந்தப் பின்னலுக்கே மணிக்கணக்காகும். நேர்முடிக்காரப் பெண் கொண்டையைச் சுருட்டி ஊசி குத்தி முடித்துவிடும் வேலை இது.

காலுறையும் அப்படித்தான். 'தோல் நிறம்' என்று பெட்டியில் அச்சடித்த டைட்ஸ் யாருடைய தோல் நிறம்? நியூயார்க்கின் கறுப்பினப் பாலே குழுவான ஹார்லெம் டான்ஸ் தியேட்டரின் நடனமணிகள் 1970களிலேயே டைட்ஸையும் காலணியையும் தங்கள் நிறத்துக்குச் சாயமேற்றி ஆடத் தொடங்கினார்கள். லண்டனின் பழைய பாலே காலணி நிறுவனமான ஃப்ரீட், பழுப்பு நிறங்களில், கால்விரல் நுனியில் நின்று ஆடுவதற்கான பாயின்ட் ஷூ விற்க ஆரம்பித்தது 2018-ல்தான். காஸ்ப்ளே செய்யும் கறுப்பினப் பெண்கள் இன்றும் சமையலறையில் ஒரு பாத்திரம் ஒதுக்கிச் சாயம் காய்ச்சுகிறார்கள். மேக்கப்பில் மட்டும் நிலைமை ஓரளவு மாறியது. 2017-ல் பாடகி ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி 40 நிறங்களில் ஃபவுண்டேஷன் கொண்டுவந்த பிறகு, மற்ற நிறுவனங்களும் அடர்நிறங்களைக் கூட்ட வேண்டியதாயிற்று.

இந்த முடி விஷயத்தில் மனதைத் தொடும் ஒன்று இருக்கிறது. ஆப்பிரிக்காவிலும் அமெரிக்காவிலும் கறுப்பினப் பெண்கள் பின்னலுக்குச் சேர்த்துக்கொள்ளும் செயற்கை முடியில் பெரும் பெயர் கனேகலோன். அது ஜப்பானின் கனேகா நிறுவனம் 1957-லிருந்து தயாரிக்கும் இழை. பின்னி முடித்ததும் நுனியைக் கொதிக்கும் வெந்நீரில் முக்கி எடுப்பார்கள், பின்னல் பிரியாமல் நிற்கும். காஸ்ப்ளே விக்குகளைச் சுருட்டவும் நிமிர்த்தவும் இதே வெந்நீர், நீராவி வித்தைதான். சலூனில் அம்மாவின் மடிக்கு முன்னால் உட்கார்ந்து கற்றுக்கொண்ட கைப்பழக்கம் இந்தப் பெண்களுக்கு விக் வேலையில் அப்படியே கைகொடுக்கிறது. அந்தத் துணிச்சலில் சிலர் ஒரு படி மேலே போகிறார்கள். செய்லர் மூனின் இரட்டைக் கொண்டையை இரண்டு ஆஃப்ரோ உருண்டைகளாகச் செய்கிறார்கள். நீண்ட மஞ்சள் வாலை மஞ்சள் பின்னல்களாகத் தொங்கவிடுகிறார்கள். பாத்திரம் யாரென்று பார்த்தவுடன் தெரிகிறது, போட்டிருப்பவர் யாரென்றும் தெரிகிறது. மொத்த காஸ்ப்ளே உலகத்திலும் எனக்கு மிகப் பிடித்த கண்டுபிடிப்பு இது.

இயற்கையான சுருள்முடியோடும் பின்னலோடும் பள்ளிக்கும் வேலைக்கும் போவதையே தடுத்த நாடு அமெரிக்கா என்பதை மறந்துவிடக் கூடாது. முடியின் தன்மையைக் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்று கலிஃபோர்னியா சட்டம் போட்டது 2019-ல். அமெரிக்க மாநிலங்களில் அதுதான் முதல். அலுவலகத்தில் ஒழுங்கில்லை என்று சொல்லப்பட்ட முடியைத் தேவதையின் தலையில் வைப்பதற்கு என்ன பொருள் என்று இப்போது புரியும். இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. திருப்பதியிலும் பழனியிலும் பக்தர்கள் கொடுக்கும் முடிக்காணிக்கை ஏலம் போய், பதப்படுத்தப்பட்டு, ஏற்றுமதியாகிறது. அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் வாங்கும் இணைமுடியில் இந்தியக் கோயில் முடிக்குப் பெரிய சந்தை இருக்கிறது.

அப்புறம் கேமரா. கோடாக் நிறுவனம் வண்ணப் படங்களை அச்சிடும் கூடங்களுக்கு அனுப்பிய அளவுகோல் அட்டைகளில் பல பத்தாண்டுகளுக்கு வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான் இருந்தது. அந்த முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி. இன்றைய டிஜிட்டல் கேமராவிலும் வெள்ளைச் சட்டை, மஞ்சள் விக், கறுத்த முகம் மூன்றும் ஒரே சட்டத்துக்குள் வந்தால், தானியங்கி அளவீடு சட்டையைக் காப்பாற்றி முகத்தை இருட்டில் தள்ளிவிடும். கறுப்பின காஸ்ப்ளேயர்கள் பலர் தங்களுக்கென்று ஒரு புகைப்படக்காரரைத் தேடிப்பிடித்து விடாமல் வைத்துக்கொள்வதற்கு இதுவும் காரணம். முகத்தில் ஒளியை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் தெறிக்கவிட்டு, தோலின் மினுமினுப்பைப் பிடிக்கத் தெரிந்தவர் வேண்டும்.

இதெல்லாம் பொழுதுபோக்குதானே, கலை என்று ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பரம்பரையைக் காட்டலாம். 1937-ல் 'பிட்ஸ்பர்க் கூரியர்' என்ற கறுப்பினப் பத்திரிகையில் ஜாக்கி ஓர்ம்ஸ் என்ற இளம்பெண் டார்ச்சி பிரவுன் என்ற கதாநாயகியை வைத்துப் படத்தொடர் வரைந்தார். அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் கார்ட்டூனிஸ்ட் அவர். 1950களில் டார்ச்சி மீண்டும் வந்தபோது, பக்கத்தோடு காகித பொம்மையும் அதற்கு வெட்டி மாட்டும் நாகரிக உடைகளும் சேர்ந்து வந்தன. கறுப்பினப் பெண்ணை வேலைக்காரியாக மட்டுமே காட்டிய காலத்தில், பத்திரிகை வாங்கிய வீட்டுச் சிறுமிகள் கத்தரிக்கோலோடு உட்கார்ந்து தங்களைப் போன்ற ஒருத்திக்குக் கவுன் மாட்டிப் பார்த்தார்கள். அவருடைய இன்னொரு பாத்திரமான பாட்டி-ஜோ 1947-ல் பொம்மையாகவே விற்பனைக்கு வந்தது.

1980-ல் லொரெய்ன் ஓ'கிரேடி என்ற கலைஞர் நியூயார்க்கில் கறுப்பினக் கலைஞர்களுக்கான ஒரு கேலரியின் விழாவுக்கு அழைப்பில்லாமல் நுழைந்தார். அவர் அணிந்திருந்த கவுன் 180 ஜோடி வெள்ளைக் கையுறைகளைச் சேர்த்துத் தைத்தது. தலையில் கிரீடம், கையில் சாட்டை. கறுப்பினக் கலை இன்னும் துணிய வேண்டும் என்று கூட்டத்தின் நடுவே முழங்கினார். கையுறை என்பது வெள்ளையர் மெச்சும்படி நடந்துகொள்ளும் நடுத்தர வர்க்க நாசூக்கின் அடையாளம். அதையே கவசமாகத் தைத்துக்கொண்டு அந்த நாசூக்கைத் தாக்கினார். அப்போது அவருக்கு 45 வயது. தானே கற்பனை செய்த ஒரு அழகுராணியாக மாறி நடமாடிய அந்த வேடம் இன்று கலை வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது.

ஜமைக்காவில் பிறந்த அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ரெனே காக்ஸ் 1998-ல் இன்னும் நெருங்கி வந்தார். ராஜே என்ற கறுப்பினப் பெண் சூப்பர்ஹீரோவை உருவாக்கி, அவள் உடையை அணிந்து, தன்னையே படம் எடுத்துக்கொண்டார். ஒரு படத்தில், மாவுப் பெட்டியிலும் அரிசிப் பெட்டியிலும் சிரித்த முகத்தோடு அடைபட்டிருந்த ஆன்ட் ஜெமைமா, அங்கிள் பென் என்ற இரண்டு விளம்பரக் கறுப்பினத்தவரை ராஜே விடுதலை செய்து கைகோத்து அழைத்து வருகிறாள். ஆன்ட் ஜெமைமா பெயரை அந்த நிறுவனம் கைவிடுவதாக அறிவித்தது 2020-ல். இப்போது சொல்லுங்கள், ரெனே காக்ஸ் செய்ததற்கும் காஸ்ப்ளே மேடையில் ஒரு பெண் செய்வதற்கும் நடுவில் கேலரிச் சுவரைத் தவிர என்ன இருக்கிறது?

2018-ல், ஆப்பிரிக்காவில் இருப்பதாகக் கற்பனை செய்த ஒரு நாட்டின் கதையான 'பிளாக் பேந்தர்' சூப்பர்ஹீரோ படம் வந்தபோது கன்வென்ஷன்களின் நிறமே மாறியது. ரூத் கார்ட்டரின் உடை வடிவமைப்பில் ஆப்பிரிக்க மக்களின் அணிகலன் மரபுகள் அப்படியே கலந்திருந்தன. ராணித் தாயின் வட்டக் கிரீடம், தென்னாப்பிரிக்காவின் ஜூலு இனத்தில் மணமான பெண்கள் அணியும் தொப்பியைப் பார்த்து முப்பரிமாண அச்சில் செய்தது. அரசனின் மெய்க்காவல் படையான டோரா மிலாஜே வீராங்கனைகளின் கழுத்து வளையங்களில் தென்னாப்பிரிக்க ந்டெபெலே இனப் பெண்களின் சாயல். அந்தப் படையின் தலைவி ஒக்கோயே, மாறுவேடத்துக்காகத் தலையில் வைத்த விக்கைச் சகிக்க முடியாமல் கழற்றி எதிரியின் முகத்தில் வீசிவிட்டுச் சண்டை போடுவாள். இத்தனை நேரம் விக் பற்றிப் பேசிய பிறகு, அந்தக் காட்சிக்கு ஏன் அவ்வளவு கைதட்டல் விழுந்தது என்று விளக்க வேண்டியதில்லை. ரூத் கார்ட்டருக்கு 2019-ல் உடை வடிவமைப்புக்கான ஆஸ்கர் கிடைத்தது. அந்தப் பிரிவில் வென்ற முதல் கறுப்பினத்தவர் அவர்.

வேடத்தில் கறுப்பினத்தவருக்கு மட்டும் இருக்கும் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். 2014 செப்டம்பரில் யூட்டா மாநிலத்தில் டேரியன் ஹண்ட் என்ற 22 வயது இளைஞர் அலங்கார சாமுராய் வாளோடு தெருவில் நடந்துபோனார். உடை ஒரு அனிமே நாயகனை நினைவுபடுத்தியது. வாளைத் தங்கள் மேல் வீசினார் என்றது காவல்துறை. ஓடும்போது பின்னாலிருந்து சுடப்பட்டுச் செத்தார். காவலர்கள் மேல் வழக்குப் பதியவில்லை. இரண்டே மாதத்தில் கிளீவ்லாந்தில் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த 12 வயது டாமிர் ரைஸ் கொல்லப்பட்டான். கன்வென்ஷன் வாசலில் எல்லோருடைய ஆயுதங்களையும் சோதித்து அடையாளச் சீட்டு கட்டுவார்கள். உள்ளே எல்லோரும் சமம். ஆனால் ரயில் நிலையத்திலிருந்து அந்த வாசல் வரை ஒரு கறுப்பின இளைஞர் ஃபோம் வாளைத் துணியில் சுற்றித்தான் கொண்டுபோகிறார்.

எதிர்க்கேள்வி ஒன்று அடிக்கடி வரும். கறுப்பினப் பெண் செய்லர் வீனஸாக வரலாம் என்றால், வெள்ளையர் முகத்தில் கறுப்பு பூசி ஸ்டார்மாக வரலாமா? வரலாம், பூச வேண்டியதில்லை. கறுப்பினப் பெண் யாரும் வீனஸாக மாற முகத்தில் வெள்ளை பூசவில்லை. 1830களிலிருந்து வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிக் கறுப்பினத்தவரை முட்டாள்களாகக் காட்டிச் சிரிக்கவைத்த மேடை மரபு அமெரிக்காவில் உண்டு. அந்த மேடையில் பிறந்த கோமாளியின் பெயர் ஜிம் க்ரோ. பிறகு இனப் பிரிவினைச் சட்டங்களுக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. இதைத் தெரிந்துகொண்டால் அந்தக் கேள்வி மறுபடி எழாது.

சாக்கா கம்பர்பேட்ச் கட்டுரையோடு நிற்கவில்லை. 2015 பிப்ரவரியில், அமெரிக்காவில் கறுப்பின வரலாற்று மாதமாகக் கொண்டாடப்படும் அந்த 28 நாளும், தினம் ஒரு கறுப்பின காஸ்ப்ளேயரையாவது முன்னிறுத்துவோம் என்று ஒரு ஹேஷ்டேக்கைத் தொடங்கிவைத்தார். தனித்தனியே ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். ஒரு மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு மற்ற மாதங்களில் மறந்துவிடுகிறார்களே என்ற மனக்குறை அவர்களிடம் உண்டு, அது நியாயமானதுதான். பெரிய நிறுவனங்களின் நடத்தையிலும் சிறு மாற்றம் தெரிகிறது. காஸ்ப்ளேயராக அறியப்பட்ட கிறிஸ்டினா ஏரியல் 2021 ஜனவரியில் 'ஸ்டார் வார்ஸ்' நிகழ்ச்சி ஒன்றின் தொகுப்பாளராக அறிவிக்கப்பட்டதும் இனவெறி வசை கொட்டியது. ஸ்டார் வார்ஸின் அதிகாரபூர்வக் கணக்கே வெளிப்படையாக அவர் பக்கம் நின்றது.

இடம் கேட்டுக் காத்திருக்காமல் தாங்களே இடம் அமைத்துக்கொண்டதும் நடந்தது. ஃபிலடெல்ஃபியாவில் 2002-லிருந்து கறுப்பின காமிக்ஸ் மாநாடு நடக்கிறது. ஹார்லெமின் ஷோம்பர்க் ஆய்வு மையம் 2013-ல் கறுப்பின காமிக்ஸ் விழாவைத் தொடங்கியது. 2017-ல் வாஷிங்டனுக்குப் பக்கத்தில் கறுப்பின ரசிகர்களுக்கான பிளெர்ட்கான் மாநாடு வந்தது. காஸ்ப்ளேயில் தொடங்கிய பெண்கள் பலர் இங்கே கலைஞர்கள் வரிசையில் மேசை போட்டு, சொந்தமாக வரைந்த ஓவியங்களையும் தாங்களே படைத்த நாயகிகளையும் விற்கிறார்கள்.

இப்படிப்பட்ட கூடங்களில் கைவினைப் போட்டியும் உண்டு. மேடையேறும் முன்பே நடுவர்கள் உடையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பாவாடையின் உள்பக்கத்தைத் திருப்பித் தையல் ஓரம் பிரிகிறதா என்று பார்ப்பார்கள். ஃபோம் கவசத்தின் மூட்டில் பசை பிதுங்கியிருக்கிறதா, சூடான காற்றை அடிக்கும் ஹீட் கன்னின் சூட்டில் மேல்பரப்பு சீராக இறுகியிருக்கிறதா என்று விரலால் தடவுவார்கள். விக்கை எதில் தொடங்கினாய், எத்தனை கட்டு இழை சேர்த்தாய், சாயம் எது, எங்கே தப்பாகி எப்படிச் சரிசெய்தாய் என்று கேட்பார்கள். அதற்கெல்லாம் பதிலோடுதான் இந்தப் பெண்கள் வருகிறார்கள். செய்முறையைப் படிப்படியாகப் படம் எடுத்துக் கோப்பாகவே சிலர் கையில் வைத்திருப்பார்கள்.